சட்டையில் சாம்பார், புடவையில் பாயசம்: கறை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்களுக்கு ஒரு சின்ன சலவைக் கடை. வீட்டுக்காரர் இஸ்திரி போடுவார். துணியை வாங்குவது, எண்ணுவது, கறை பார்ப்பது என் வேலை. பையை மேசைமேல் வைக்கும்போதே வருகிற கேள்விகள் வருஷக்கணக்காக ஒன்றேதான். பதில் சொல்லிச் சொல்லி வாய் வலித்ததால் எழுதி வைத்துவிட்டேன். எங்களிடம் வந்து போகாமல் நிற்கும் கறைகளில் பலதும் குழம்பு செய்த வேலை இல்லை, வீட்டில் அவசரத்தில் பார்த்த வைத்தியம் செய்த வேலை. கீழே படிக்கும்போது அது புரியும்.

"அக்கா, கறை பட்டதும் முதல்ல என்ன பண்ணணும்?"

தேய்க்காதீர்கள். கை தானாகத் தேய்க்கத்தான் போகும், அதை அடக்குங்கள். கெட்டியாக விழுந்திருந்தால் ஸ்பூனால் வழித்தெடுங்கள். தண்ணியாக இருந்தால் காய்ந்த துணியையோ காகிதத்தையோ வைத்து ஒற்றி எடுங்கள். தேய்த்தால் ஒரு ரூபாய் அளவு கறை உள்ளங்கை அளவு ஆகும், நூலின் உள்ளேயும் இறங்கும்.

அப்புறம் துணியைப் புரட்டி, கறையின் பின்பக்கத்திலிருந்து தண்ணீர் விடுங்கள். வந்த வழியாகவே வெளியே போகட்டும். முன்பக்கம் விட்டால் இன்னும் உள்ளே தள்ளுகிறீர்கள் என்று அர்த்தம். பட்டாக இருந்தால் தண்ணீரும் வேண்டாம், அதற்குத் தனிக் கேள்வி கீழே இருக்கிறது.

"சுடுதண்ணியா, பச்சைத்தண்ணியா?"

முட்டையை வெந்நீரில் போட்டால் என்ன ஆகும்? வெந்து கெட்டியாகும். துணியில் பட்ட முட்டையும் அப்படித்தான். பால், தயிர், ஐஸ்கிரீம், மீன் கழுவிய தண்ணீர், ரத்தம் எல்லாம் இந்த வகை. இவற்றுக்குப் பச்சைத்தண்ணீர்தான். நெய், எண்ணெய், வெண்ணெய் இதற்கு நேரெதிர். பருத்தித் துணியாக இருந்தால், கை பொறுக்கும் சூட்டுக்கு வெந்நீர் வைத்தால்தான் அவை இளகும்.

என்ன விழுந்தது என்றே தெரியவில்லையா? பச்சைத்தண்ணீரில் ஆரம்பியுங்கள். அதிலிருந்து வெந்நீருக்குப் போகலாம், வெந்நீரில் வெந்ததைத் திரும்ப எடுக்க முடியாது.

"சாம்பார் பட்ட இடத்துல சோப்பு போட்டேன், ரத்தம் மாதிரி செவந்துடுச்சு. துணி சாயம் போயிடுச்சா?"

வாரம் ஒருவராவது இப்படிப் பதறிக்கொண்டு வருகிறார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆரத்தி கரைத்திருக்கிறீர்கள்தானே? மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டதும் சிவக்கிறது. சோப்பும் சுண்ணாம்பு மாதிரி காரத்தன்மை உள்ளதுதான். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற நிறப்பொருள் காரம் பட்டால் சிவக்கும், புளிப்பு பட்டால் மறுபடி மஞ்சளாகும். எலுமிச்சைச் சாறு இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள், உங்கள் கண் எதிரிலேயே மாறும்.

குர்குமின் தண்ணீரில் சரியாகக் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்த சாம்பாரில் எண்ணெயோடு சேர்ந்துதான் துணிக்குள் போகிறது. அதனால் முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். பாத்திரம் கழுவும் லிக்விட் சோப்பைக் கறைமேல் விட்டு, விரலால் மெதுவாகத் தட்டி, கால் மணி நேரம் கழித்து அலசுங்கள். அதற்குப் பிறகும் மஞ்சள் நிழல் நிற்கும். அதை எடுக்கிற வேலையை வெயிலிடம் விடுங்கள். குர்குமினுக்கு வெயில் ஆகாது. ஈரத்தோடு, கறைப்பக்கம் மேலே தெரியும்படி கொடியில் போடுங்கள், காய்ந்தால் மறுபடி நனைத்துப் போடுங்கள். வெள்ளை வேட்டியில் இரண்டு மூன்று வெயிலில் போய்விடும். அழுத்தமான கலர் துணியை உச்சி வெயிலில் நாள் முழுக்கப் போட்டால் கறையோடு சாயமும் வெளுக்கும், அதனால் மணிக்கொரு தடவை எட்டிப் பாருங்கள்.

இதைத் தெரிந்துகொள்ளாமல் சிவப்பைப் பார்த்துப் பயந்து, பிரஷ் போட்டுத் தேய்த்து, நூலே பிரிந்த சட்டைகள் எங்கள் கடைக்கு நிறைய வந்திருக்கின்றன.

"மீன் குழம்புக்கும் இதேதானா? வாசனையும் போகலையே!"

துறைமுக ஊரில் இருந்துகொண்டு இந்தக் கேள்வி வராமல் இருக்குமா? மீன் குழம்பில் எண்ணெய், மஞ்சள், மிளகாய்த்தூள், புளி, மீனின் புரதம் என ஐந்தும் ஒன்றாக வருகின்றன. வரிசை தவறினால் சிக்கல். முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் பாத்திர சோப்பு, கடைசியில் வெயில். மிளகாயின் சிவப்பும் எண்ணெயில் கரைவதுதான், அதனால் சாம்பாருக்குச் சொன்னதே இதற்கும் போதும்.

வாசனைக்கு, ஒரு பக்கெட் தண்ணீரில் இரண்டு மூடி வினிகர் விட்டு அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசுங்கள். மீன் வாடைக்குக் காரணமான பொருள் காரத்தன்மை உள்ளது, புளிப்பு பட்டால் அடங்கும். மீன் கழுவியதும் கையில் புளியோ எலுமிச்சையோ தேய்க்கிறோமே, அதே கணக்குதான்.

"எண்ணெய்க் கறை துவைச்சப்ப போயிடுச்சு, காஞ்சதும் திரும்ப வந்துடுச்சு. எப்படி?"

போகவே இல்லை. ஈரத் துணி முழுவதும் கறுத்துத் தெரிவதால் எண்ணெய் பட்ட இடம் அதில் மறைந்துவிடுகிறது. காய்ந்ததும் துணி வெளுக்கிறது, எண்ணெய் இடம் மட்டும் கறுப்பாக நிற்கிறது. இஸ்திரிக்கு முன் துணியை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள் என்று நாங்கள் சொல்வது இதனால்தான்.

புதிதாகப் பட்ட எண்ணெய்க்கு, முகத்துக்குப் போடும் பவுடரையோ அரிசி மாவையோ கனமாகக் கொட்டி ஒரு மணி நேரம் விடுங்கள், உறிஞ்சிக்கொள்ளும். தட்டிவிட்டு, காய்ந்த துணியிலேயே பாத்திர சோப்பை விட்டு ஊறவையுங்கள். முதலில் நனைத்துவிட்டால் தண்ணீர் குறுக்கே நின்று சோப்பை எண்ணெயிடம் நெருங்க விடாது.

"காபி, டீக்கு கட்டி சோப்பு போட்டுத் தேய்ச்சா போதும்தானே?"

போதாது, கெடுதலும்கூட. டீயிலும் காபியிலும் இருப்பது துவர்ப்புப் பொருள். அதன்மேல் துணி சோப்புக் கட்டியைத் தேய்த்தால் கறை இன்னும் இறுகப் பிடித்துக்கொள்ளும். பச்சைத்தண்ணீரைப் பின்பக்கத்திலிருந்து விட்டு, சலவைத் தூளையோ சலவை லிக்விடையோ கரைத்து ஊறவையுங்கள். மிச்சம் நிற்கும் பழுப்புக்கு எலுமிச்சைச் சாறோ வெள்ளை வினிகரோ போதும். நம் வீட்டுக் காபியில் பாலும் சேர்வதால் எடுத்த எடுப்பில் வெந்நீர் வேண்டாம்.

இதில் நம் ஊர் சிக்கல் ஒன்றும் உண்டு. போர் தண்ணீர் கொஞ்ச நேரம் நின்றால் பழுப்பேறுகிறதா? இரும்பு இருக்கிறது என்று அர்த்தம். துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கறுக்கும். துவர்ப்பான கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சியது அந்தக் காலத்து வழக்கம். அந்தத் தண்ணீரில் டீக் கறையை ஊறவைப்பது, பக்கெட்டில் மை காய்ச்சுவது மாதிரிதான். குடிநீர்க் குழாய்த் தண்ணீரில் அலசுங்கள்.

"எங்க தெருவுல தண்ணி உப்பு. சோப்பு நுரையே வரலை. என்ன செய்யிறது?"

தேவனாம்பட்டினம் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. கடினத் தண்ணீரில் கட்டி சோப்பு நுரைக்காமல் திரிதிரியாகத் திரண்டு துணிமேலேயே படியும். வெள்ளைத் துணி நாளாக நாளாகச் சாம்பல் பூப்பது அதனால்தான். சலவைத் தூள் இந்தத் தண்ணீரிலும் ஓரளவு வேலை செய்யும். துவைப்பது எந்தத் தண்ணீரில் என்றாலும் கடைசி அலசலை மட்டுமாவது நல்ல தண்ணீரில் வையுங்கள். மழைக்காலத்தில் மாடித் தண்ணீரைப் பிடித்து வைத்தால் அதைவிட நல்லது கிடையாது.

"இளநீர்தானே, தண்ணி மாதிரி இருக்கே, அது எங்க கறை ஆகும்?"

ஏமாறுகிற இடமே இதுதான். இளநீர் பட்டபோது ஒன்றும் தெரியாது. காய்ந்து, மடித்து பீரோவில் வைத்து, ஒரு மாதம் கழித்து எடுத்தால் பழுப்புத் திட்டு. மட்டையில் இருக்கும் துவர்ப்பு காற்றுப் பட்டு மெல்ல மெல்லக் கறுக்கிறது. வெட்டிய கத்தரிக்காயும் வாழைக்காயும் கறுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். சீவும்போது தெறிக்கிற சாறு குடிக்கிற தண்ணீரைவிட மோசம்.

கலர் இல்லாத சோடா, சர்க்கரைப் பாகு, பாயசமும் இப்படித்தான். சர்க்கரை கண்ணுக்குத் தெரியாமல் நூலில் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் இஸ்திரிப் பெட்டி பட்டதும் கருகிப் பழுப்பாகும். "நீங்கதான் துணியைக் கருக்கிட்டீங்க" என்று எங்களிடம் சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. எதுவும் தெரியாவிட்டாலும், பட்ட அன்றே பச்சைத்தண்ணீரில் அலசிவிடுங்கள்.

"பண்ருட்டியிலேருந்து பலாப்பழம் வந்துச்சு, நைட்டியெல்லாம் பிசின். என்ன பண்ணாலும் போகலை."

தண்ணீரையும் சோப்பையும் தள்ளி வையுங்கள். பலாப் பால் ரப்பர் மாதிரி, தண்ணீரை அது மதிக்காது. பண்ருட்டியில் பழம் அறுக்கிறவர்கள் கத்தியிலும் கையிலும் எண்ணெய் தடவிக்கொண்டுதான் உட்காருவார்கள். அந்த எண்ணெய்தான் இதற்கும். ஐஸ் கட்டியை வைத்துப் பிசினை இறுகவிட்டு, மேலாகத் தெரிவதைச் சுரண்டி எடுங்கள். மிச்சத்தின்மேல் தேங்காய் எண்ணெய் விட்டுப் பத்து நிமிடம் பிசையுங்கள், உருண்டு வரும். இப்போது உங்களிடம் இருப்பது வெறும் எண்ணெய்க் கறை. மேலே எண்ணெய்க்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

முன்பெல்லாம் மண்ணெண்ணெய்தான் போடுவோம், சீக்கிரம் விடும். அது வீட்டில் இருந்தால் போடலாம், ஆனால் அடுப்படியில் வேண்டாம். இரண்டு தடவை துவைத்து வாடை முழுக்கப் போகும்வரை அந்தத் துணியில் இஸ்திரிப் பெட்டியும் வேண்டாம்.

"முந்திரிப் பழம், வாழைப்பூ கறை போகவே போகாதாமே, நிஜமா?"

ஏறக்குறைய நிஜம். முந்திரித் தோப்புக்குப் போய் வந்த பிள்ளைகளின் சட்டை மார்ச், ஏப்ரலில் வரிசையாக வரும். பழச்சாறு பட்ட அரை மணிக்குள் தண்ணீரில் அலசி, எலுமிச்சையும் உப்பும் வைத்து வெயிலில் போட்டால் பாதி தப்பும். காய்ந்து பழுப்பேறிவிட்டால், வெள்ளைப் பருத்தித் துணியை மட்டும் ஆக்சிஜன் வகை ப்ளீச்சில் ஊறவைத்துப் பார்க்கலாம். வேனிஷ் மாதிரி தூள்கள் அந்த வகை. வெதுவெதுப்பான தண்ணீரில்தான் அவை வேலை செய்யும். வாழைப்பூவுக்கும் வாழைத்தண்டுக்கும் இதேதான். ஆய்கிறவர்கள் மோரில் போடுகிறார்களே, அது காய் கறுக்காமல் இருப்பதற்கு. துணியில் பட்டு ஒரு வாரம் ஆன கறைக்கு மோர் ஒன்றும் செய்யாது.

பழச்சாற்றைவிட முந்திரிக் கொட்டை ஓட்டின் எண்ணெய் பொல்லாதது. தோலையே புண்ணாக்கும். சேராங்கொட்டை கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தக் காலத்தில் சலவைத் தொழிலாளர்கள் யார் வீட்டுத் துணி என்று குறி போட்டது அதன் சாற்றால்தான். எத்தனை வெள்ளாவி வைத்தாலும் அந்தக் குறி அழியாது. முந்திரி, மா, சேராங்கொட்டை மூன்றும் ஒரே குடும்பத்து மரங்கள். அந்தக் குடும்பத்தோடு சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று எங்கள் மாமியார் சொல்வார்.

"பாண்டிக்குப் போயிருந்தோம்... சட்டையில கொஞ்சம் ரெட் ஒயின். வீட்டுக்குத் தெரியாம எடுக்க முடியுமா அக்கா?"

திங்கட்கிழமை காலைக் கேள்வி. யாரிடமும் சொல்ல மாட்டேன், பயப்பட வேண்டாம். அங்கேயே, உட்கார்ந்த இடத்திலேயே ஒற்றி எடுத்து, வெறும் சோடாவோ தண்ணீரோ விட்டு, மேலே உப்பைக் கொட்டிவிடுங்கள். உப்பு ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். வீட்டுக்கு வந்ததும், பருத்திச் சட்டையாக இருந்தால் பாத்திரத்தின் வாயில் கறையை விரித்துக் கட்டி, கொதிக்கும் தண்ணீரை மேலிருந்து ஊற்றலாம். பால் கலக்காத பழச்சாற்றுக்கெல்லாம் இது சரிவரும்.

சோப்பு பட்டதும் ஒயின் நீலமாக மாறினால் பதற வேண்டாம். மஞ்சள் சிவந்த கதைதான் இங்கேயும். திராட்சை, நாவல்பழ நிறமெல்லாம் காரத்தில் நீலம் தட்டும். எலுமிச்சை விட்டால் சிவப்புக்குத் திரும்பும், அப்புறம் அலசுங்கள்.

"வெத்தலை பாக்கு கறை?"

அந்தச் சிவப்புக்கும் சுண்ணாம்புதான் காரணம். அதனால் எலுமிச்சையோ புளித்த தயிரோ தடவி அரை மணி வைத்து அலசுங்கள். நிறம் இறங்கும், ஒரே தடவையில் முழுசாகப் போகாது. மிஞ்சுகிற பழுப்பு டீக் கறை மாதிரிதான்.

"கல்யாணத்துல பட்டுப்புடவையில பாயசம் கொட்டிடுச்சு. உடனே கழுவிட்டேன். சரிதானே?"

முகூர்த்த நாள் முடிந்து திருவந்திபுரத்திலிருந்து திரும்புகிறவர்களின் புடவைகளைப் பார்த்தால் பந்தி மெனுவையே சொல்லிவிடுவேன். கழுவியது தப்பு என்று அடித்துச் சொல்ல மாட்டேன், ஆனால் பட்டில் தண்ணீர் பட்ட இடமே வட்டமாகத் தடம் விழும். சாயமும் கலங்கும். பாயசத்தை வழித்தெடுத்து, உலர்ந்த துணியால் ஒற்றி, நெய்க்குப் பவுடர் போட்டு, மறுநாளே கடைக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் சுருட்டி ஒரு வாரம் வைத்தால் சரிகையும் கறுக்கும்.

பட்டும் கம்பளியும் முட்டை மாதிரி புரதம்தான். கறையைத் தின்னும் என்சைம் சலவைத் தூள், புரதக் கறைக்கும் பட்டு நூலுக்கும் வித்தியாசம் பார்க்காது. வாஷிங் மெஷின் தூளைப் பட்டில் போடவே கூடாது. குளோரின் ப்ளீச் அதைவிட மோசம், பட்டையே கரைத்துவிடும்.

"ட்ரை வாஷ் குடுத்தா எல்லாம் போயிடும்தானே? எதுக்கு என்ன கறைன்னு கேட்டுக்கிட்டே இருக்கீங்க?"

ட்ரை வாஷில் தண்ணீருக்குப் பதில் வேறு திரவம் போகிறது. அது எண்ணெயையும் நெய்யையும் நன்றாகக் கரைக்கும், சர்க்கரையைத் தொடாது. பாயசத்தில் இரண்டும் இருக்கிறதே! சர்க்கரையைக் கையால் தனியாக எடுத்த பிறகுதான் மெஷினுக்கு அனுப்ப வேண்டும். நீங்கள் சொல்லாவிட்டால் எங்களுக்குத் தெரியாது. கடைசியில் இஸ்திரியில் பழுப்பாக எழும், மேலே இளநீர்க் கேள்வியில் சொன்ன சண்டை மறுபடி நடக்கும். வெட்கப்படாமல் சொல்லுங்கள். பாண்டிக்காரத் தம்பிக்கும் சேர்த்துத்தான்.

"உஜாலா போட்டா கறை போகுமா?"

போகாது. அது நீலம். மங்கின வெள்ளையை வெள்ளையாகக் காட்டும், அவ்வளவுதான்.

"ஆலா போட்டேன், கறை போச்சு, துணியும் ஓட்டையா போச்சு."

நேராகக் கறைமேல் ஊற்றியிருப்பீர்கள். ஆலா குளோரின் ப்ளீச். அதை எப்போதும் தண்ணீரில் கலந்த பிறகுதான் துணியைப் போட வேண்டும். அளவும் நேரமும் பாட்டிலில் போட்டிருக்கும், அதற்குமேல் போகக் கூடாது. வெள்ளைப் பருத்திக்கு மட்டும். உள் லேபிளில் முக்கோணத்தின்மேல் பெருக்கல் குறி இருந்தால் எந்த ப்ளீச்சும் கூடாது. இரும்புத் தண்ணீரில் ப்ளீச் கலந்தால் துணி முழுக்கத் துருப் பழுப்பு ஏறும். அது வந்துவிட்டால் எலுமிச்சை, உப்பு, வெயில்.

முக்கியமானது இன்னொன்று. முதலில் வினிகரோ எலுமிச்சையோ போட்டுவிட்டு, சரியாக அலசாமல் ப்ளீச் போடாதீர்கள். பாத்ரூம் ஆசிட் பக்கமே கொண்டுபோகாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்னக் குளியலறையில் மூச்சை அடைத்துவிடும். கண் எரிந்தால் அப்படியே விட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

"வினிகரும் சோடா உப்பும் கலந்தா பொங்குதே, வீடியோவுல கறை போயிடுதே?"

பொங்குவதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. புளிப்பும் காரமும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு தீர்ந்துபோகிற சத்தம் அது. பொங்கி முடிந்ததும் மிஞ்சுவது ஏறக்குறைய உப்புத் தண்ணீர், அது நம் தெருவில் குழாயிலேயே வருகிறது. வினிகர் தேவையான கறைக்கு வினிகர் மட்டும். சோடா உப்பு வேண்டுமானால் எண்ணெய்ப் பிசுக்குக்குத் தனியாக.

"ரெண்டு வருஷப் பழைய கறை, இஸ்திரியும் போட்டாச்சு. ஏதாவது வழி இருக்கா?"

என்ன கறை என்று ஞாபகம் இருந்தால் வழி இருக்கிறது. சாம்பார் என்றால் எண்ணெய் விட்டு இளக்கி, பாத்திர சோப்பு, பிறகு ஒரு வாரம் வெயில். டீ என்றால் வெள்ளைத் துணியை ஆக்சிஜன் ப்ளீச்சில் இரவு முழுக்க ஊறவைக்கலாம். கலர் துணி என்றால் முதலில் உள்தையல் மடிப்பில் ஒரு சொட்டு விட்டுச் சாயம் நிற்கிறதா என்று பாருங்கள். எந்த மருந்தையும் மூன்று தடவைக்குமேல் போடாதீர்கள். அதற்குமேல் போனால் கறைக்கு முன்னால் துணி நைந்துவிடும்.

முந்திரிச் சாறோ சேராங்கொட்டையோ என்றால் என்னிடம் கொண்டுவர வேண்டாம், பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் கொண்டுபோங்கள். போன மாதம் ஒரு பையனின் வெள்ளைச் சட்டைக்கு, கறை இருந்த இடத்தில் அழகாக ஒரு பாக்கெட் வைத்துக் கொடுத்தார். இப்போது அந்தச் சட்டைக்கு இரண்டு பாக்கெட்.